மன்னர் இல்லாத வேளையில் எட்டுப் பிரதானிகள்: மராத்திய அரசின் ஆட்சிமுறை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1680 ஏப்ரல் 3 அன்று ராய்கட் கோட்டையில் சிவாஜி காலமானபோது, மூத்த மகன் சம்பாஜி தெற்கே பன்ஹாளாக் கோட்டையில் இருந்தார். இளைய மகன் ராஜாராமுக்கு வயது பத்து. தந்தை இறந்த செய்தியை மூத்தவருக்கு எட்டவிடாமல் மறைத்து, ஏப்ரல் 21 அன்று இளையவரை அரியணையில் அமர்த்தினார்கள். இதைச் செய்ததில் இளையவரின் தாயான அரசி சோயராபாய்க்குப் பங்கு உண்டு என்றாலும், திட்டத்தை நடத்தியவர் அரசின் ஆவணங்களைக் காத்துவந்த சசீவர் அண்ணாஜி தத்தோ. பின்னர் அவருடன் சேர்ந்துகொண்டவர் முதன்மைப் பிரதானி மோரோபந்த் பிங்களே. இரண்டே மாதங்களில் அந்த ஏற்பாடு குலைந்தது. அதைக் குலைத்தவரும் எட்டுப் பிரதானிகளில் ஒருவரே.

அஷ்டபிரதான சபை என்று புகழ்பெற்ற இந்த அமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எட்டுப் பதவிகளின் பெயரையும் பணியையும் வரிசையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை வைத்து, இன்றைய அமைச்சரவையைப் போல எண்மரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்று எண்ணிக்கொள்வது எளிது. அது தவறான சித்திரம் என்பதே இந்த ஆய்வின் வாதம். பிரதானிகள் ஒவ்வொருவரும் தனித்தனியே மன்னருக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அவர்களை ஒன்றாக இணைத்தவை இரண்டு: மன்னர், மன்னரின் பெயரால் ஓடிய அரசாணைத் தாள். மன்னர் உயிரோடு வெளியூரில் இருந்தபோது தாளே ஆட்சியைத் தாங்கியது. மன்னரே இல்லாமற் போனபோது அது தாங்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பார்ப்பதற்கு, மன்னர் தலைநகரில் இல்லாத சில காலங்களை எடுத்துக்கொள்வதே சரியான வழி.

பதவிகள் உருவான விதம்

இந்த எட்டும் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. சிவாஜி புனேப் பகுதியில் இளைஞராக இருந்தபோதே, தந்தை ஷாஜி அமைத்துக் கொடுத்த சிறு குழு ஒன்று இருந்தது: முதன்மை அலுவலரான பேஷ்வா, கணக்குப் பார்க்கும் மஜும்தார், வெளித்தொடர்பைக் கவனிக்கும் டபீர், வருகைப் பதிவு வைக்கும் சப்னிஸ். பெயர்கள் எல்லாம் பாரசீகம். தக்காணத்துச் சுல்தான்களின் அலுவலகங்களிலிருந்து வந்தவை. நிலப்பரப்பு விரிய விரியப் பதவிகளும் கூடின. 1674 ஜூன் 6 அன்று ராய்கட்டில் முடிசூட்டு விழா நடந்தபோதுதான் அவை எட்டாக வகுக்கப்பட்டு, சமஸ்கிருதப் பெயர் பெற்றன. பேஷ்வா முக்கியப் பிரதானி ஆனார், மஜும்தார் அமாத்தியர், சுர்னிஸ் சசீவர், வாக்னிஸ் மந்திரி, டபீர் சுமந்தர், சர்னோபத் சேனாபதி. இவர்களோடு நீதியைக் கவனிக்க நியாயாதீசர், சமயக் காரியங்களுக்கும் தானங்களுக்கும் பண்டிதராவ்.

அரியணையைச் சுற்றி எண்மரும் எட்டுத் திசைகளில் நின்றார்கள். அவர்களில் நால்வரின் கைகளில் நெய், பால், தயிர், தேன் நிறைந்த கலசங்கள் இருந்தன. மற்றவர்கள் குடையும் விசிறியும் சாமரமும் ஏந்தினார்கள். சடங்கு அழகானதுதான். ஆனால் ஆட்சியைப் புரிந்துகொள்ள அதைவிட உதவுவது, அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஒழுங்கு ஆணை. அது ஒவ்வொரு பிரதானியும் எதைச் செய்ய வேண்டும், எந்த ஆவணத்தில் தன் முத்திரையை வைக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. பேஷ்வா அனைத்து அரசுப் பணிகளையும் மேற்பார்க்க வேண்டும். அமாத்தியர் நாடு முழுவதன் வரவு செலவைப் பார்க்க வேண்டும். சசீவர் மன்னரின் கடிதங்களைப் படித்துப் பிழை திருத்த வேண்டும். மந்திரி மன்னரின் அன்றாடக் காரியங்களையும் உளவுச் செய்திகளையும் கவனிக்க வேண்டும். நியாயாதீசரையும் பண்டிதராவையும் தவிர மற்ற அனைவரும் தேவைப்படும்போது படை நடத்த வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

பெயர் மாற்றத்தோடு இன்னொரு வேலையும் நடந்தது. அலுவலகங்களில் புழங்கிய பாரசீக, அரபுச் சொற்களுக்கு ஈடான சமஸ்கிருதச் சொற்களைத் தொகுத்து, ‘ராஜ்யவியவகார கோசம்’ என்ற சொற்கோவை ஆக்கப்பட்டது. புதுச்சொல் ஆக்குவது எளிது, புழக்கத்தில் நிலைக்கவைப்பது கடினம் என்பது வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்றும் ஜமாபந்தி, பசலி என்று கேட்டுப் பழகிய நமக்குத் தெரியும். முக்கியப் பிரதானி என்று பெயரிட்டும், ‘பேஷ்வா’ என்ற பாரசீகச் சொல்லே வரலாற்றில் நிலைத்தது.

ஊதியம் பணமாகக் கொடுக்கப்பட்டது. பேஷ்வாவுக்கு ஆண்டுக்கு 15,000 ஹோன், அமாத்தியருக்கு 12,000, மற்றவர்களுக்கு 10,000. ஹோன் என்பது தென்னாட்டில் வராகன் என்று வழங்கிய பொற்காசின் இனம். நிலத்தைக் கொடுக்காமல் பொன்னைக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. நிலம் பெற்றவர் அங்கே கோட்டை கட்டுவார், குடிகளைத் தன் ஆட்களாக்குவார், பிறகு மகனுக்கு விட்டுச் செல்வார். கருவூலத்தில் ஊதியம் வாங்குகிறவரை மன்னர் மாற்றலாம். அப்படி மாற்றவும் செய்தார். சேனாபதிப் பதவியில் நேதாஜி பால்கர் நீக்கப்பட்டுப் பிரதாப்ராவ் குஜர் வந்தார். அவர் 1674 பிப்ரவரியில் நேசரியில் வீழ்ந்தபின் ஹம்பீர்ராவ் மோகிதே வந்தார். ஒருவருக்கு அடுத்து வந்தவர் அவர் மகன் அல்லர். இந்த விதி எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்போடு பின்பற்றப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: மஜும்தார் நீலோ சோன்தேவுக்குப் பின் அந்தப் பொறுப்பு அவருடைய மகன்களுக்கே போனது, அவர்களில் ஒருவரான ராமச்சந்திரர் முடிசூட்டு விழாவில் அமாத்தியராக நின்றார். பின்னாளில் அரசைக் காப்பாற்றியவர் அவரே என்பதால், அந்த விதிவிலக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஒரு கடிதத்தின் வழி

பிரதானிகளின் ஆட்சி எப்படி நடந்தது என்பதைக் கண்ணால் காண வேண்டுமானால், ஓர் அரசாணை தயாரான விதத்தைப் பின்தொடர வேண்டும். மன்னர் சொல்வதை, கடித எழுத்தரான சிட்னிஸ் பாலாஜி ஆவ்ஜி, மோடி என்னும் விரைவெழுத்தில் மராத்தியில் எழுதுவார். தாளின் தலைப்பில் அரச முத்திரை பதியும்: வளர்பிறைச் சந்திரனைப் போல வளர்வது, உலகம் வணங்குவது, ஷாஜியின் மகன் சிவனுடைய இந்த முத்திரை நலத்துக்காக விளங்குகிறது என்னும் பொருள்கொண்ட சமஸ்கிருத வரிகள். பேஷ்வாவின் முத்திரையும் பதியும். சாசனமோ உடன்படிக்கையோ என்றால், மன்னர், பேஷ்வா முத்திரைகளோடு, சேனாபதி, பண்டிதராவ், நியாயாதீசர் தவிர்த்த மற்ற நால்வரின் ஒப்புக்குறியும் வேண்டும். கடைசி வரிக்குக் கீழே ‘மர்யாதேயம் விராஜதே’ என்ற சிறு முத்திரை விழும். இதுவே எல்லை என்று பொருள். அதன்பின் யாரும் ஒரு வரியைக் கூடச் சேர்க்க முடியாது.

இந்தச் சிறு முத்திரையில்தான் முழு அமைப்பின் உள்ளமும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எந்த ஒருவர் கையிலும் ஆணை முழுமை பெறாது. ஒருவர் எழுதுவார், ஒருவர் திருத்துவார், ஒருவர் கணக்கில் ஏற்றுவார். எண்மரும் ஓர் அறையில் கூட வேண்டியதில்லை. தாள் அவர்களிடையே போனால் போதும். பேஷ்வாவும் சசீவரும் ஆண்டில் பல மாதங்கள் படையோடும் மாவட்டங்களிலும் இருந்ததால், ஒவ்வொருவருக்கும் முதாலிக் என்ற பதில் அலுவலர் இருந்தார். அவருக்குக் கீழே திவான், பட்னிஸ், போத்னிஸ் முதலான எட்டு வகை எழுத்தர்கள் இருந்தார்கள். இதே தத்துவம் ஒவ்வொரு கோட்டைக்கும் இறங்கியது. ஹவால்தாரிடம் சாவி, சப்னிஸிடம் வருகைப் பதிவு, சர்னோபத்திடம் காவல். மூவரும் சம நிலையினர், வெவ்வேறு சாதியினர். ஒருவர் எதிரியிடம் விலைபோனாலும் மற்ற இருவர் இருப்பார்கள்.

வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு இது எப்படித் தெரிந்தது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. முடிசூட்டு விழாவை ஒட்டிப் பம்பாயிலிருந்து ஹென்றி ஆக்ஸிண்டன் தலைமையில் ஆங்கிலேயத் தூதுக்குழு வந்தது. மன்னர் பிரதாப்கட் சென்றிருந்ததால், தூதர்கள் ராய்கட்டின் அடிவாரத்திலிருந்த பாச்சாடில் காத்திருந்தார்கள். அவர்களை வரவேற்றுப் பேசியவர் நிராஜி பண்டிதர். அவர் பொறுப்பு நியாயாதீசருடையது. செய்தது தூதரகப் பணி. ஆங்கிலேயர் கேட்ட இருபது கூறுகளில், தங்கள் நாணயம் மராத்திய நாட்டில் செல்லுபடியாக வேண்டும் என்ற கூறும், கரையொதுங்கும் உடைந்த கப்பல்களின் சரக்கைத் தங்களுக்கே விட்டுவிட வேண்டும் என்ற கூறும் ஏற்கப்படவில்லை. முடிவில் மன்னர் ஒப்பமிட்டார், பிரதானிகளும் ஒப்பமிட்டார்கள். பேச்சை நடத்தியவர் ஒருவர், தீர்மானித்தவர் ஒருவர், கையெழுத்திட்டவர்கள் பலர் என்பதே இந்த ஆட்சியின் வடிவம்.

மன்னர் தொலைவில், ஆனால் உயிரோடு

1666-இல் சிவாஜி ஆக்ராவுக்குப் போய் ஔரங்கசீப்பின் காவலில் சிக்கினார். புறப்படும்போது தாய் ஜீஜாபாயிடமும் மோரோபந்த் முதலான அலுவலர்களிடமும் நாட்டை ஒப்படைத்திருந்தார். ஆகஸ்ட் 17 அன்று அங்கிருந்து தப்பித் திரும்பியபோது கோட்டைகளும் கருவூலமும் அவருடையவையாகவே இருந்தன. முகலாயரோடு செய்த புரந்தர் உடன்படிக்கையில் 23 கோட்டைகளை இழந்து ஓராண்டு ஆகியிருந்த ஓர் அரசுக்கு இது சிறிய காரியம் அல்ல.

அதைவிட நீண்ட சோதனை 1677-இல் வந்தது. ஜனவரியில் புறப்பட்ட சிவாஜி, கோல்கொண்டாவில் குதுப்ஷாவைச் சந்தித்து, தெற்கே இறங்கிச் செஞ்சியைப் பிடித்து, வேலூரை முற்றுகையிட்டு, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பி ஏகோஜியைச் சந்தித்தார். ஓராண்டுக்கு மேல் மன்னர் ராய்கட்டில் இல்லை. நாட்டை மூவர் பிரித்துப் பார்த்துக்கொண்டார்கள்: வடக்கே கல்யாண் முதல் சால்ஹேர் வரை மோரோபந்த், தெற்குக் கொங்கணம் அண்ணாஜி தத்தோ, மலைக்குக் கிழக்கே தக்காணப் பகுதி தத்தாஜி திரிம்பக். ஒருவர் எல்லையில் மற்றவருக்கு வேலை இல்லை. மூவருக்கும் மேலே இருந்தவர் காவிரிப் படுகையில் இருந்தார். ஆனாலும் அவர் ஒருநாள் திரும்பி வந்து கணக்குக் கேட்பார் என்று மூவருக்கும் தெரியும்.

இந்தப் பகிர்வில் அண்ணாஜி தத்தோவின் பணி தனியே பேசத் தக்கது. அவர் மேற்பார்த்த நில அளவை, குடிகளின் வாழ்வை நேரடியாகத் தொட்ட ஒன்று. ஐந்து முழமும் ஐந்து முட்டியும் கொண்ட கோல் ஒன்றை அளவாக வைத்தார்கள். இருபதுக்கு இருபது கோல் ஒரு பிகா. 120 பிகா ஒரு சாவர். விளைச்சலை ஐந்து பங்காக்கி, மூன்றைக் குடியானவர் வைத்துக்கொள்ள, இரண்டு அரசுக்கு. புதிதாகக் குடியேறியவருக்கு மாடும் விதையும் கடனாகக் கொடுத்துத் தவணையில் வசூலித்தார்கள். கிராமத் தலைவர்கள் தாங்களாகக் குறித்த தொகையை வசூலித்து, அதில் ஒரு பகுதியை மேலே அனுப்பிவந்த பழைய முறையோடு ஒப்பிட்டால், அளந்து, எழுதி, எழுதியதையே வாங்குவது பெரிய மாற்றம். அண்ணாஜியை 1680-இன் சதிகாரராக மட்டும் நினைவில் வைப்பது அவருக்கு நேரும் அநீதி.

1680: தாள் தாங்காத இடம்

அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதற்கும் காரணம் உண்டு. 1678 இறுதியில் சம்பாஜி முகலாயத் தளபதி திலேர் கானிடம் போய்ச் சேர்ந்திருந்தார். ஓராண்டு கழித்தே திரும்பினார். எதிரியிடம் ஒருமுறை போன இளவரசரிடம் நாட்டைக் கொடுப்பதா என்ற அச்சம் மூத்த பிரதானிகளுக்கு இருந்திருக்கும். தனிப்பட்ட பகையும் அதில் கலந்திருந்தது. ஆனால் அஷ்டபிரதான அமைப்பில், மன்னர் இறந்தால் அடுத்தவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதற்கு விதியே இல்லை. எல்லா முத்திரைகளும் ஒரு மன்னர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு செதுக்கப்பட்டவை.

எனவே முடிவு படையின் கையில் விழுந்தது. மோரோபந்தும் அண்ணாஜியும் சம்பாஜியைப் பிடிக்கப் பன்ஹாளா நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் கராட் பகுதியில் சேனாபதி ஹம்பீர்ராவ் மோகிதே படையோடு இருந்தார். அவர் சோயராபாயின் உடன்பிறந்தவர், ராஜாராமுக்குத் தாய்மாமன். தாய்மாமன் மருமகனை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. அந்தத் தாய்மாமன்தான் மருமகனுக்கு எதிராக நின்றார். இரு பிரதானிகளையும் பிடித்துச் சம்பாஜியிடம் கொண்டுபோனார். ஜூன் 18 அன்று சம்பாஜி ராய்கட்டுக்குள் நுழைந்தார். இரத்த உறவைவிட மூத்த மகனின் உரிமையும், ஔரங்கசீப்பின் படையெடுப்பு நெருங்கிய வேளையில் வயதுவந்த மன்னர் வேண்டும் என்ற கணக்கும் ஹம்பீர்ராவை நடத்தியிருக்க வேண்டும். அவர் 1687-இல் வாயி என்ற ஊருக்கு அருகே போரில் இறக்கும்வரை சம்பாஜியின் பக்கமே நின்றார்.

சம்பாஜி முதலில் பழிவாங்கவில்லை. அந்த ஆண்டிலேயே மோரோபந்த் இறந்தபோது, அவர் மகன் நீலோபந்தைப் பேஷ்வா ஆக்கினார். அண்ணாஜியை மன்னித்துக் கணக்குப் பொறுப்பைக் கொடுத்தார். 1681-இல் மறுபடியும் சதி வெளிப்பட்டதும் அண்ணாஜியும், சிட்னிஸ் பாலாஜி ஆவ்ஜியும் மற்றும் சிலரும் கொல்லப்பட்டார்கள். சிவாஜியின் ஆணைகளை எழுதிய கையும் சரிபார்த்த கண்ணும் ஒரே நாளில் போயின. அதன்பின் சம்பாஜி நம்பியது கவி கலசரை. வடநாட்டிலிருந்து வந்த அவருக்குச் சந்தோகாமாத்தியர் என்ற பட்டமும் எல்லாக் காரியங்களிலும் அதிகாரமும் கிடைத்தன. பிரதானிகளின் பெயர்கள் மாறவில்லை; தாள் போகும் வழி மாறிவிட்டது. பலர் கை கடந்து வந்த ஆணை, ஒருவர் வாயிலிருந்து வந்தது. ஒன்பது ஆண்டுகள் சளைக்காமல் போரிட்ட சம்பாஜியின் வீரத்தில் எனக்குக் குறையில்லை; அவர் ஆட்சியில் உள்நாட்டு நிர்வாகம் தளர்ந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

செஞ்சியும் பன்ஹாளாவும்

1689 பிப்ரவரியில் சங்கமேசுவரத்தில் சம்பாஜி பிடிபட்டு, மார்ச் 11 அன்று கொல்லப்பட்டார். ராஜாராம் ராய்கட்டிலிருந்து தப்பி, அந்த ஆண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். தலைநகர் விழுந்தது, சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் மகன் சாகுவும் சிறைப்பட்டார்கள். இந்தக் கட்டத்தில்தான் சிவாஜியின் அமைப்பு எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதும், அது எப்படி உருமாறியது என்பதும் ஒருசேரத் தெரிகின்றன.

செஞ்சியின் மலைக்கோட்டைகளில் மன்னரைச் சுற்றிப் புதிய பிரதானிகள் அமர்ந்தார்கள். மோரோபந்தின் மகன் நீலோபந்தே அங்கும் பேஷ்வா. நியாயாதீசர் நிராஜியின் மகன் பிரல்ஹாத் நிராஜிக்காகப் பிரதிநிதி என்ற புதிய பதவி, எட்டுக்கும் மேலாக, ஏற்படுத்தப்பட்டது. மகாராட்டிரத்தில் ராமச்சந்திர பந்த் அமாத்தியருக்கு ‘ஹுகுமத் பனா’ என்ற பட்டத்தோடு, மன்னரைக் கேட்காமலே முடிவெடுக்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. பன்ஹாளா, விசால்கட் பக்கத்திலிருந்து அவரும் சங்கராஜி நாராயணும் கோட்டைகளை மீட்டு, படைகளுக்குப் பணம் தேடி, நாட்டைத் தாங்கினார்கள். இடையே நூற்றுக்கணக்கான மைல். நடுவே முகலாயப் படை. முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் 1690-இல் தொடங்கிய செஞ்சி முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் ஓர் அரசு இரண்டு துண்டுகளாக நின்றும் சாகவில்லை என்றால், ஒவ்வொரு பிரதானியும் தன் துறையைத் தனியே நடத்தப் பழகியிருந்தார் என்பதே அதற்கு முதல் காரணம்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கருவூலம் காலி. பொன்னாக ஊதியம் கொடுக்க வழியில்லை. ஔரங்கசீப் தன் பக்கம் வருகிற மராத்தியத் தலைவர்களுக்கு ஜாகீர் அள்ளிக் கொடுத்தபோது, ராஜாராமும் நிலங்களையும், இன்னும் பிடிக்காத பகுதிகளையும்கூட, பரம்பரை உரிமையான வதனாகவும், படை வைத்துக்கொள்வதற்கான சரஞ்சாமாகவும் எழுதிக் கொடுத்தார். வேறு வழி இருந்ததா? இருந்ததாகத் தெரியவில்லை. சேனாபதி சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பகைத்துக்கொண்டு தமிழ்நாட்டு மண்ணிலேயே மோதியபோது, சிவாஜி செய்ததுபோல ஒருவரை நீக்கி மற்றவரை அமர்த்த மன்னர் முயன்றார். ஆனால் நீக்கப்பட்டவரிடம் அவருடைய சொந்தப் படை இருந்தது. ராமச்சந்திர பந்த் தம் முதுமையில், 1715-ஐ ஒட்டி, ராஜாராமின் மகனான கோல்ஹாபூர் சம்பாஜிக்காக எழுதிய ‘ஆஞ்ஞாபத்திரம்’ என்ற ஆட்சிமுறை நூலில் வதன்தாரர்களை அரசின் சிறு பங்காளிகள் என்றும், அவர்களை அடக்கியும் அணைத்தும் வைக்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். அந்த நிலங்கள் எழுதிக் கொடுக்கப்பட்டபோது நிர்வாகம் அவர் பொறுப்பில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு படிக்கும்போது அந்தப் பகுதி கனக்கிறது.

முன்பு சிறைப்பட்டிருந்து பின்னர் மன்னரான சாகு, 1713-இல் பாலாஜி விஸ்வநாத்தைப் பேஷ்வா ஆக்கினார். 1720-இல் அவர் இறந்ததும் மகன் பாஜிராவ். 1740-இல் அவருக்குப் பின் அவர் மகன். மற்ற ஏழு பதவிகளும் அதேபோலக் குடும்பச் சொத்தாகி, பந்த் சசீவர் போர் (Bhor) என்ற ஊரிலும் பந்த் பிரதிநிதி அவுந்திலும் தங்கள் நிலங்களோடு ஒதுங்கினார்கள். 1749-இல் சாகு இறந்தபின் அதிகாரம் முழுவதும் பேஷ்வாக்கள் இருந்த புனேவுக்குப் போயிற்று. ஆனாலும் ஒவ்வொரு பேஷ்வாவும் சதாராவில் இருந்த மன்னரான சத்ரபதியிடமிருந்து பதவி உடை பெற்ற பின்னரே பொறுப்பேற்றார். வட இந்தியா வரை படை நடத்திய பாஜிராவின் முத்திரையில் இருந்தவை இரண்டே வரிகள்: சாகு மன்னர் மகிழ்ச்சியின் உறைவிடம், பாஜிராவ் பல்லாள் அவருடைய முக்கியப் பிரதானி.